ஒன்றரை நூல் இடைவெளி

புனேயிலிருந்து அகில்யாநகர் (பழைய அகமத்நகர்) போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்று. திரிபுரத்தை அழிக்கக் கிளம்பிய சிவன், பிள்ளையாரை மறந்துவிட்டுத் திணறி, பிறகு வணங்கி வென்ற இடம் என்கிறது தலபுராணம். அதே கதையில் தேரின் அச்சு முறிந்த இடமாகத் தமிழ்நாட்டில் அச்சிறுபாக்கத்தைச் சொல்வார்கள். வண்டியை எடுக்கும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் எடுத்தால் என்ன நடக்கும் என்பதில் இரு ஊர்க்காரர்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கோயிலைத் தாண்டினால் மகாராஷ்டிர அரசின் தொழிற்பேட்டை. அங்கேதான் ஃபியட்டும் டாடாவும் கூட்டாக நடத்தும் கார் ஆலை இருக்கிறது. லீனியா, கிராண்டே புன்டோ எல்லாம் இங்கிருந்து வந்தவை. 2017 முதல் ஜீப் காம்பஸ் வருகிறது. ஃபியட் முத்திரை தாங்கிய கார்கள் 2019வாக்கில் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றுவிட்டன. தாய் நிறுவனமும் 2021ல் பியூஜோவின் குழுமத்தோடு இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் ஆலையை நடத்தும் கம்பெனியின் பெயரில் மட்டும் ஃபியட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட நவீன ஆலையிலிருந்து வரும் ஒரு காரின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்க்கலாம். மட்கார்டுக்கும் முன்கதவுக்கும் நடுவே, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே, கதவுக்கும் கூரைக்கும் நடுவே ஓடும் கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலம். மூன்று, நான்கு மில்லிமீட்டர். தகடுகளை அச்சில் அடிப்பதிலிருந்து ஸ்பாட் வெல்டிங் வரை எல்லாமே அளவு பிசகாத தாங்கிகளில் நடப்பதால் வருகிற ஒழுங்கு அது. இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளப்பார்கள்: இடைவெளியின் அகலம் ஒன்று, பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பது மற்றொன்று. முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தவறினால், கதவு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பது போலத் தெரியும்.

நம் ஊர் ஆசாரிகளிடமும் பழைய டிங்கர்களிடமும் இதற்கு ஓர் அளவு உண்டு: நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். ஹிந்தியிலும் மராத்தியிலும் இதையே ‘சூத்’ என்பார்கள். அதற்கும் நூல் என்றுதான் அர்த்தம். இன்றைய கார்களின் கதவோரம் ஒரு நூல். ஐம்பது, அறுபது வருடத்துக் கார் என்றால் ஒன்றரை நூல், சில இடங்களில் இரண்டு. பிரித்துப் போட்ட பழைய காரைத் திரும்பப் பூட்டுகிறவருக்கு அந்த ஒன்றரை நூலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொண்டுவருவதுதான் வேலையிலேயே கடினமான பகுதி. எஞ்சின் இரண்டாம் பட்சம்.

ரஞ்சன்காவ் கார்களுக்குத் தாத்தா ஒருவர் உண்டு. வால்சந்த் ஹீராசந்த் 1944ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பை குர்லாவில் ஃபியட்டின் உரிமத்தோடு கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1954 முதல் ஃபியட் 1100. 1964ல் அதன் அடுத்த வடிவம், 1974 முதல் அதற்கே பிரீமியர் பத்மினி என்ற பெயர். சித்தூர் ராணியின் பெயரைச் சூட்டினாலும் ஜனங்கள் கடைசிவரை ‘ஃபியட்’ என்றேதான் அழைத்தார்கள். புத்தாயிரம் பிறந்த கையோடு உற்பத்தி நின்றது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளாக ஓடியவை 20 வருட வயது வரம்பைத் தொட்டு 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றன. தெருவில் இல்லாமல் போன பிறகே ஒரு பொருளின் மேல் பிரியம் பிறக்கும் போலிருக்கிறது. ஷெட்டில் தூசி படிந்து கிடந்த தாத்தா காலத்துக் கார்களைப் பிரித்து மேய்ந்து புதுப்பிக்கும் ஆர்வம் புனேயிலும் கோவையிலும் பெங்களூரிலும் இப்போது நன்றாகவே தெரிகிறது.

பிரிப்பதற்கு இரண்டு வாரம் போதும். எஞ்சினைத் திரும்பப் பூட்டுவதற்குக் கணக்கு இருக்கிறது: எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், வால்வுக்கு எவ்வளவு இடைவெளி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். உடம்புக்கு அப்படி எதுவும் கிடையாது. வர்ணமெல்லாம் பளபளக்கப் பூசி முடித்து, கடைசி நாள் கதவை மாட்டும்போதுதான் விவகாரம் தெரியும். மேலே விரல் நுழையாது. கீழே கட்டைவிரலே நுழையும். கதவை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டு விழும். ஒவ்வொரு முறை சாத்தும்போதும் ஓரத்தில் புது வர்ணம் ஒரு பொடி உதிரும்.

அப்போது செய்யப்படுகிற முதல் காரியம், தூணில் உள்ள பூட்டுக் கொண்டியைத் தளர்த்தி நகர்த்துவது. அநேகமாக இதுதான் முதல் தவறு. கொண்டி, மூடிய கதவைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. கொண்டியை வைத்துக் கதவைத் தூக்கி நிறுத்தினால், கதவு மூடும் ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி உட்கார வேண்டியிருக்கும். கீலும் கொண்டியும் சேர்ந்து தேயும். நிறுத்த வேண்டியது கீலில். கொண்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவு தானாகவே சரியான இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொண்டிக்கு வேலை.

இடைவெளியில் தெரியும் கோளாறு இடைவெளியில் பிறப்பதில்லை என்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். முன்புறம் கீல் உள்ள ஒரு கதவின் பின்னோரக் கோடு மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கீலின் பின் தேய்ந்து கதவு தொங்குகிறது. மற்றொன்று, கதவின் அடியில் ஓடும் பெட்டிச் சட்டம் துருப்பிடித்து, காரே நடுவில் தொய்ந்து, தூண்களின் தலைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். முதலாவதன் செலவு சில நூறு ரூபாய் பின்னும் பித்தளை புஷ்ஷும். இரண்டாவது, காரின் முதுகெலும்பு. பாதிக் கதவைத் திறந்து, அதன் வால் பக்கத்தைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். கதவு கீலில் ஆடினால் பின். ஆடாமல் இருந்தால் தரையில் படுத்து அடியைப் பார்ப்பது நல்லது.

ஃபியட் 1100 இந்த விஷயத்தில் கொஞ்சம்கூட இரக்கம் காட்டாது. அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரை, தூண், கூரை, அடிச்சட்டம் எல்லாம் சேர்ந்த கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஐம்பதுகளில் வந்த ஆரம்ப மாடல்களில் இன்னொரு விசேஷம்: முன்கதவு பின்பக்கமாகக் கீல் வைத்துத் திறக்கும், பின்கதவு வழக்கம்போல. அதாவது இரண்டு கதவுகளும் ஒரே நடுத்தூணில் தொங்குகின்றன. அந்தத் தூண் கால்விரல் அளவு துருவில் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கத்துக் கோடுகள் அத்தனையும் கோணலாகும். வயலில் தண்ணீர் தேங்குவது போல, மழை நாளில் கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேற வேண்டிய சிறு ஓட்டைகள் மண்ணடைத்துப் போனால், துரு தொடங்குவதும் சரியாக அந்த அடியிலிருந்துதான். மும்பையின் ஆடி மழையும் கடற்காற்றும் பார்த்த கார் என்றால் சொல்லவே வேண்டாம்.

அடிச்சட்டத்தை மாற்றும்போது நடக்கிற அனர்த்தம்தான் பெரும்பாலான கோணல் கார்களின் பூர்வகதை. கார் எப்படியோ நான்கு செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. கதவுகளைக் கழற்றி மூலையில் சாத்தியாகிவிட்டது. துருப்பிடித்த சட்டத்தை வெட்டி எடுத்த நிமிடமே கூடு தன் எடையால் அசைகிறது. அந்த அசைந்த நிலையிலேயே புதுச் சட்டம் வெல்டிங் ஆகிறது. கோணல் நிரந்தரமாகிவிட்டது; இனி எந்தக் கீலும் எந்த வாஷரும் அதைத் தீர்க்காது. வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து வாசலின் வடிவத்தைப் பூட்டிவிட வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்த சமதளத்தில், சக்கரங்களின் பாரம் எங்கே விழுமோ அங்கே முட்டுக் கொடுக்க வேண்டும். புதுச் சட்டத்தை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் பிடித்து, கதவைத் திரும்ப மாட்டிக் கோடு பார்த்து, பிறகே முழு வெல்டிங். ஒரே இடத்தில் நீளமாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும்; இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போவதுதான் சரி. பக்கம் பக்கமாகக் குறுக்கு அளவு எடுப்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு: செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்க வேண்டும். கதவு வாசல் செவ்வகமில்லை என்றாலும், இடப்பக்கத்து அளவும் வலப்பக்கத்து அளவும் ஒத்துப்போக வேண்டும்.

கூடு நேரானதும் பூட்டும் வரிசை வருகிறது. நகர்த்த முடியாததிலிருந்து தொடங்கி, நகர்த்தக்கூடியதை நோக்கி வர வேண்டும். பின்புறத்து மட்கார்டு கூரையோடு சேர்ந்த பகுதி, அசையாது. ஆகவே முதலில் பின்கதவை அதற்கும் கூரைக்கும் அடிச்சட்டத்துக்கும் பொருத்த வேண்டும். பின்கதவைப் பார்த்து முன்கதவு. முன்கதவைப் பார்த்து முன் மட்கார்டு. கடைசியில் பானட். அவசரக்காரர்கள் பானட்டின் அழகில் மயங்கி முன்னாலிருந்து தொடங்குவார்கள். அரை நூல் அரை நூலாகச் சேர்ந்த பிழை முழுவதும் பின்கதவில் வந்து முட்டும். அங்கே அதைத் தள்ள இடமிருக்காது. கோலம் போடுகிறவர்கள் புள்ளி வைக்கும்போதே கணக்குப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

இந்த ஒத்திகை முழுவதும் வர்ணத்துக்கு முன்னால் நடக்க வேண்டும், அதுவும் எடைகளோடு. கதவுக்குள் கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் சாதனமும் வந்தால் கதவு கொஞ்சம் தாழும். மூக்கில் எஞ்சின் உட்கார்ந்தால் கூடே கொஞ்சம் வளையும். வெற்றுக் கூட்டில் அச்சடித்தாற்போல் நின்ற கோடு, முழு எடையில் நிற்காது. வர்ணத்துக்கும் இடம் விட்டாக வேண்டும். பிரைமர், நிரப்பி, வர்ணம் எல்லாம் சேர்ந்து ஒரு ஓரத்துக்குக் கால் மில்லிமீட்டர் வரை ஏறும். எதிரெதிர் ஓரங்கள் இரண்டு. ஆக அரை மில்லிமீட்டர். வெறும் தகட்டில் சரியாக இருந்ததை அப்படியே பூசினால் இறுக்கமாகிவிடும்.

அப்புறம் ரப்பர். பழைய காருக்கு இன்று கிடைக்கிற கதவு ரப்பர் பெரும்பாலும் பின்னாளில் யாரோ அச்செடுத்துச் செய்தது. அசலைவிடத் தடிமனாகவோ கெட்டியாகவோ இருக்கும். இரண்டு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த மட்டத்தை அது ஒரே நாளில் வெளியே தள்ளிவிடும். கீலைக் குற்றம் சொல்லி மறுபடி தளர்த்துகிறவர்கள் உண்டு. ஒத்திகையின்போதே ரப்பரின் ஒரு துண்டை வைத்துப் பார்த்திருந்தால் இந்த வேதனை இல்லை. ரப்பர் அமுங்கிப் படியச் சில வாரம் அவகாசம் தருவதும் புத்திசாலித்தனம்.

இங்கே சென்னைக்காரர்களின் நினைவுக்கு வர வேண்டிய கார் ஒன்று இருக்கிறது: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இத்தாலியரான மிகெலாட்டி வடிவமைத்து, 1959ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு என்பது இந்தியாவில் மட்டுமே பிறந்த ரகம். எல்லாரும் ஒற்றைக் கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸுக்குத் திரும்பியதற்குக் காரணம் பொறியியல் இல்லை, வியாபாரம். கம்பெனிக்கு உடல் தகடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953ல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய ஆளில்லை. ஆகவே பல இடங்களில் செய்த துண்டுகளை போல்ட் போட்டு சேஸிஸின் மேல் சேர்க்கிற மாதிரி வடிவமைத்தார்கள். வெளிநாடுகளில் பூட்டுவதற்கும் அது தோதாயிற்று.

விளைவு, ஹெரால்டு வைத்திருப்பவருக்கு மெக்கானோ செட் வைத்திருக்கும் சிறுவனின் சுகமும் உண்டு, துக்கமும் உண்டு. முன்பகுதி ஒன்று, பின்பகுதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே கதவு. சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய தகட்டு வாஷர்கள். ஒரு மூலையில் ஒரு வாஷரைச் சேர்த்தால் எதிர் மூலையில் கதவுக்கோடு விரியும். மட்கார்டும் பானட்டும் ஒன்றாகி முன்பக்கம் கவிழ்ந்து திறக்கிற அந்த பிரமாண்ட மூக்குக்குத் தனியாகச் சரிசெய்யும் கீல். ஃபியட்டில் நகர்த்த இடமில்லாத அவஸ்தை என்றால், ஹெரால்டில் எல்லாமே நகரும் அவஸ்தை. பிரிக்கும்போது எந்த மூலையில் எத்தனை வாஷர் இருந்தன என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்தவர் பிழைத்தார். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டியவருக்கு ஆறு மாத வேலை காத்திருக்கிறது.

குறித்து வைப்பது எந்தக் காருக்கும் பொருந்தும். கீலைக் கழற்றும் முன் அதைச் சுற்றி ஊசியால் கோடு கீறுவது, ஒவ்வோர் இடைவெளியையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுவது, போட்டோ எடுப்பது என்று ஒரு மணி நேர வேலை. கோணலான கார் என்றாலும் எழுத வேண்டும். கோணல் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் காகிதம் சொல்லும்.

சொந்தக் கதவைத் தூக்கி எறிவது இன்னொரு விபரீதம். அடியில் துருப்பிடித்துவிட்டது என்று சென்னை புதுப்பேட்டையிலோ மும்பை குர்லாவிலோ நல்ல கதவாகத் தேடி வாங்கி வருகிறார்கள். அந்தக் காலத்துக் கார்களில் ஒவ்வொரு கதவையும் அந்தந்தக் கூட்டுக்கென்று ஒரு தொழிலாளி தட்டி, வளைத்து, உட்கார வைத்திருப்பார். மரச்சுத்தியலும் முழங்கையும்தான் கருவிகள். மாடல் ஒன்றானாலும் பக்கத்துக் காரின் கதவு அண்டை வீட்டு மாப்பிள்ளை மாதிரிதான்; பார்க்க நன்றாக இருப்பார், நம் வீட்டு வழக்கம் தெரியாது. துருப்பிடித்த அடியை வெட்டி ஒட்டினாலும் பழைய கதவே மேல்.

எல்லாம் செய்தும் ஓர் ஓரத்தில் அரை நூல் மிச்சம் நிற்கும். அங்கே கைகள் தாமாகவே பட்டி டப்பாவை நோக்கிப் போகும். பரப்பில் மெல்லிய பட்டி தவறில்லை. ஓரத்தில் பட்டியால் தகட்டை நீட்டினால், கதவு பத்தாவது முறை சாத்தும்போது அது பெயரும். முறையான வைத்தியம், ஓரத்தில் வெல்டிங் கம்பியை உருக்கிச் சேர்த்து அரத்தால் ராவுவது. பழைய கைகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றை உருக்கி மரக்கரண்டியால் படியவைத்துச் சீவுவார்கள். பார்க்கக் கண் கொள்ளாத வேலை. ஆனால் ஈயத்தின் புகையும் தூளும் விஷம். காற்றோட்டமும் முகமூடியும் இல்லாத நம் பட்டறைகளில் அந்த வித்தைக்குக் கொடுக்கப்பட்ட விலையை யாரும் கணக்கெடுக்கவில்லை. அதைச் செய்யத் தெரிந்த டிங்கர்களுக்கு வயதாகிறது. பிள்ளைகள் அதைக் கற்காமல் போனதில் வருத்தப்பட ஒரு பக்கமும் நிம்மதிப்பட ஒரு பக்கமும் இருக்கின்றன.

கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ரஞ்சன்காவ் ஆலையின் அளவுக்கு 1964ஆம் வருடத்து ஃபியட்டைக் கொண்டுவர வேண்டுமா? பணமும் பொறுமையும் உள்ளவர்கள் கொண்டுவருகிறார்கள். குர்லாவின் வாசலை விட்டு வெளியே வந்த நாளில் அந்தக் காரில் இல்லாத நேர்த்தி இது. 2012ல் பழைய வாகன ஆர்வலர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஒரு சாசனத்தை ஏற்றது. அதற்கு டூரின் சாசனம் என்று பெயர். ஃபியட் 1899ல் பிறந்த அதே டூரின். வாகனத்தின் சரித்திரத்தை அழிக்காமல், இயன்றவரை குறைவாகக் கைவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் இதை ஒட்டியே போகின்றன. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த சொந்த உபயோக வாகனம் விண்டேஜ் என்று பதிவாகலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. பத்மினி என்ற பெயரோடு வந்த முதல் கார்களும் இப்போது அந்த 50ஐத் தாண்டிவிட்டன.

கதவோரத்தை அரை நூல் திருத்துவதை எந்த அதிகாரியும் பெரிய மாற்றம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு நூல் கோட்டுக்காகக் கூட்டையே வெட்டி அளவு மாற்றுகிறவர்களுக்கு அந்த நிபந்தனை யோசிக்க வேண்டிய விஷயம். கதவு ஒரு விரலால் தள்ளினால் மூட வேண்டும், மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது, ஓரம் உரசக்கூடாது, இடதும் வலதும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றரை நூல் ஓரிடத்தில் ஒன்றே முக்கால் ஆனால் அது குர்லா தொழிலாளியின் கையெழுத்து என்று விட்டுவிடலாம்.

பூட்டி முடித்த காரை ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு கீல் போல்ட்டுகளையெல்லாம் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். புதுச் சட்டமும் புது ரப்பரும் அதற்குள் படிந்திருக்கும். இருக்கைகள், கம்பளம் எல்லாம் ஏறி, டேங்கில் பெட்ரோலும் உள்ளே நான்கு ஆட்களுமாக நிற்கும்போது கோட்டை மீண்டும் அளந்து, அந்தப் பழைய காகிதத்திலேயே பக்கத்தில் எழுதி வைப்பது வழக்கம்.